வெள்ளுடையும் பட்டுத் தொப்பியும்

நுழையும்முன்

கல்வி தேடி ஊர்விட்டு ஊர் செல்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். புதிய ஊரில் கால் வைக்கும் முதல் நாள் எவருக்கும் எளிதாக அமைவதில்லை. பாடநூலில் இல்லாத பல செய்திகளை அந்த ஒரு நாள் கற்பித்துவிடுகிறது. எந்த உடை உடுத்துவது, யாரை எவ்வாறு விளிப்பது, எதனைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்பனவற்றை அறியாமல் தடுமாறுவோர் பலர். அவ்வாறு தடுமாறிய ஓர் இளைஞர் பின்னாளில் உலகம் போற்றும் தலைவரானார். மோகன்தாசு கரம்சந்த் காந்தி இலண்டன் மாநகரில் மாணவராக இறங்கிய முதல் நாளைப் பற்றியும், அந்நாள் அவருக்கு உணர்த்தியவை பற்றியும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கடல் கடந்த பயணம்

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ‘கிளைடு’ என்னும் கப்பல் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டது. அதில் பயணம் செய்த காந்திக்கு அப்போது பத்தொன்பது வயது நிறையவில்லை. பவநகரில் உள்ள சாமள்தாசுக் கல்லூரியில் சேர்ந்து, பாடங்களைப் பின்தொடர இயலாமல் ஊர் திரும்பியிருந்தார். குடும்ப நண்பர் ஒருவர், இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆகலாம் என வழிகாட்டினார்.

அவ்வழி எளிதாகத் திறக்கவில்லை. அன்னையார் புத்லிபாய் மகனைக் கடல்கடந்து அனுப்பத் தயங்கினார். ஊன் உண்ணேன், மது அருந்தேன், பிற பெண்டிரை நாடேன் என்று சமணத் துறவி ஒருவர் முன்னிலையில் மகன் உறுதிமொழி கூறிய பின்னரே இசைவு தந்தார். தமையனார் இலட்சுமிதாசு பொருளுதவிப் பொறுப்பை ஏற்றார். பம்பாயில் இருந்த சாதியினரோ கடல் கடப்பது சமயநெறிக்கு மாறு என்று கூறி, காந்தியைச் சாதியினின்று விலக்கினர். அவருக்கு உதவுவோரும் வழியனுப்பச் செல்வோரும் ஒரு ரூபாய் நான்கணா தண்டம் செலுத்த வேண்டும் எனவும் அறிவித்தனர். இளம் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுப் பிரிந்து அவர் கப்பலேறினார்.

ஆகவே, அந்த இளைஞர் சுமந்து சென்றவை பெட்டிகள் மட்டும் அல்ல. தாய்க்குக் கொடுத்த வாக்கு, தமையனின் பொருள், சாதியாரின் சினம் ஆகியவற்றையும் சேர்த்தே சுமந்து சென்றார். தோற்றுத் திரும்புவதற்கு அவருக்கு இடமில்லை. முதல் நாளின் சிறு இடறல்கள் அவருக்குப் பெருந்துன்பமாகத் தோன்றியதற்கு இதுவே காரணம்.

கப்பலிலேயே இடர்கள் தொடங்கிவிட்டன. ஆங்கிலத்தில் பேச வேண்டுமெனில் ஒவ்வொரு தொடரையும் மனத்துள் அமைத்துப் பார்த்த பின்னரே அவரால் வாய் திறக்க முடிந்தது. கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணும் முறை தெரியாது. எந்த உணவில் ஊன் கலந்துள்ளது எனக் கேட்கவும் துணிவில்லை. எனவே, உணவுக்கூடத்துக்குச் செல்லாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் அறையிலேயே உண்டு காலம் கழித்தார். சூனாகத்தைச் சேர்ந்த வழக்குரைஞர் மசும்தார் அவருடன் ஒரே அறையில் பயணம் செய்தார். எல்லோரிடமும் தயக்கமின்றிப் பேசிப் பழகுமாறு அவர் எவ்வளவோ கூறியும் காந்தியின் கூச்சம் அகலவில்லை.

வெள்ளுடை

பயணம் முழுவதும் காந்தி கறுப்பு உடையே அணிந்திருந்தார். நண்பர்கள் தைத்துக் கொடுத்த வெள்ளை ஃபிளானல் உடையைக் கரையிறங்கும் நாளுக்கெனப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். புதிய நாட்டில் இறங்கும்போது தூய வெண்ணிற உடையே பொருத்தமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். வெயில் மிகுந்த கத்தியவாரில் வளர்ந்தவருக்கு அவ்வெண்ணம் இயல்பானதே.

செப்டம்பர் மாத இறுதியில் ஒரு சனிக்கிழமை. சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இறங்கியதாக அவர் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். அது இங்கிலாந்தில் இலையுதிர் காலத்தின் தொடக்கம். குளிர் பரவத் தொடங்கியதும் மக்கள் அடர்நிற உடைகளுக்கு மாறிவிடுவது அந்நாட்டு வழக்கம். துறைமுகத்தில் நின்ற கூட்டத்தினரிடையே வெள்ளுடை அணிந்தவர் தாம் ஒருவர் மட்டுமே என்பதைக் காந்தி கண்டார். எல்லோருடைய பார்வையும் தம்மீதே பதிந்திருப்பதாக எண்ணி நாணினார்.

உடனே உடை மாற்றியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமற் போயிற்று. பிறர் செய்வதைப் பார்த்து, தாமும் பெட்டிகளையும் அவற்றின் திறவுகோல்களையும் சரக்குகளைக் கொண்டு சேர்க்கும் நிறுவனம் ஒன்றின் முகவரிடம் அவர் ஒப்படைத்திருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கால இங்கிலாந்தில் ஞாயிறன்று அலுவலகங்கள் இயங்கா. எனவே, அடுத்த வேலைநாள் வரும்வரை அதே வெள்ளுடையில்தான் இருந்தாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். வெள்ளுடையில் குற்றம் எதுவும் இல்லை. ஓர் ஊரில் மதிப்புத் தரும் ஆடையே மற்றோர் ஊரில் நகைப்புக்கு உரியதாகிறது. உடையின் பொருளைத் துணி தீர்மானிப்பதில்லை. பார்ப்பவர் கண்ணும் காலமும் இடமுமே தீர்மானிக்கின்றன. இவ்வுண்மையைக் காந்தி அன்று நாணத்தின் வழியாக அறிந்தார்.

நகரும் அறை

இலண்டன் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உடைய நகரம். உரோமானியர் தேம்சு ஆற்றங்கரையில் அமைத்த குடியிருப்பு, காலப்போக்கில் பேரரசு ஒன்றின் தலைநகராக வளர்ந்தது. காந்தி சென்ற காலத்தில் அங்கு நாற்பது இலட்சம் அளவில் மக்கள் வாழ்ந்தனர். நிலத்துக்கு அடியில் தொடர்வண்டி ஓடத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பழமையும் புதுமையும் கலந்த அந்நகரம், சிற்றரசுகளின் தலைநகரங்களை மட்டுமே கண்டு வளர்ந்த இளைஞருக்குப் பெருவியப்பாக இருந்ததில் ஐயமில்லை.

கப்பலில் ஒருவர் கூறிய அறிவுரையை ஏற்று, காந்தியும் மசும்தாரும் விக்டோரியா உணவு விடுதிக்குச் சென்றனர். நகரின் நடுவில் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு அண்மையில் அமைந்த பெருவிடுதி அது. அங்கு ஒளிர்ந்த மின்விளக்குகள் காந்தியின் கண்ணைக் கவர்ந்தன. தங்கவேண்டிய அறைக்குச் செல்லும் முன், சிறிய அறை ஒன்றினுள் அவர்களை அழைத்துச் சென்றனர். சற்று நேரம் அமர்ந்திருப்பதற்கான அறை அது என்று காந்தி கருதினார். கதவு மீண்டும் திறந்தபோது தாம் மேல்தளத்தில் இருப்பதைக் கண்டு திகைத்தார். அந்தச் ‘சிறிய அறை’ மின்தூக்கி என்பது அதன் பின்னரே அவருக்கு விளங்கியது. இந்நிகழ்ச்சியை அவர் இலண்டனில் எழுதிய நாட்குறிப்பில் மறைக்காமல் பதிவு செய்துள்ளார்.

பட்டுத் தொப்பி

காந்தி தம்மிடம் நான்கு அறிமுகக் கடிதங்களை வைத்திருந்தார். அவற்றுள் ஒன்று பிராண்சீவன் மேத்தா என்பவருக்கு உரியது. மருத்துவமும் சட்டமும் கற்ற மேத்தா அப்போது இலண்டனில் வாழ்ந்துவந்தார். சவுத்தாம்ப்டனிலிருந்து காந்தி அனுப்பிய தந்தியைக் கண்டு, அன்று மாலை எட்டு மணி அளவில் அவர் விடுதிக்கு வந்தார். வெள்ளுடையைப் பார்த்துப் புன்னகை செய்தார். அன்புடன் உரையாடத் தொடங்கினார்.

மேத்தா கழற்றி வைத்திருந்த உயரமான பட்டுத் தொப்பி காந்தியின் பார்வையில் பட்டது. அதன் வழவழப்பை அறிய விரும்பி, அதனைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். அவ்வகைத் தொப்பியின் மேற்பரப்பில் பட்டு இழைகள் ஒரே திசையில் படியுமாறு தேய்த்து மெருகூட்டப்பட்டிருக்கும். காந்தியின் கை எதிர்த்திசையில் சென்றதால் இழைகள் கலைந்து நின்றன. மேத்தா சற்றுச் சினத்துடன் தடுத்தார். ஆயினும் தொப்பி கலைந்தது கலைந்ததுதான்.

மேத்தாவின் சினம் விரைவில் தணிந்தது. அந்த நிகழ்வையே தொடக்கமாகக் கொண்டு, ஐரோப்பியப் பழக்கவழக்கங்களைக் காந்திக்கு எடுத்துரைத்தார். பிறர் பொருளை அவர்தம் இசைவின்றித் தொடக்கூடாது. முதன்முறை சந்திப்பவரிடம், நம் நாட்டில் கேட்பதுபோல் சொந்த வாழ்வு பற்றிய வினாக்களைத் தொடுக்கக்கூடாது. உரத்த குரலில் பேசக்கூடாது. இந்தியாவில் மரியாதைக்காக ஆங்கிலேயரைச் ‘சர்’ என்று விளிப்பதுபோல் இங்கு எல்லோரையும் விளிக்கக்கூடாது; பணியாளர்களே தம் தலைவர்களை அவ்வாறு அழைப்பர். இவை அன்று மேத்தா கற்பித்த பாடங்கள். விடுதியில் தங்கினால் செலவு மிகும். குடும்பம் ஒன்றுடன் தங்குவதே நலம் என்றும் அவர் கூறினார்.

‘சர்’ என்னும் சொல்லைப் பற்றிய அறிவுரை ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆட்சிக்கு உட்பட்ட நாட்டில் பணிவின் அடையாளமாகப் பழகிப்போன ஒரு சொல், ஆள்வோரின் நாட்டிலேயே சமமானவர்களுக்கு இடையில் வழங்குவதில்லை. இரு நாடுகளுக்கிடையே இருந்த உறவின் தன்மையை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

பிராண்சீவன் மேத்தா காந்தியின் வாழ்நாள் நண்பரானார். பின்னாளில் இரங்கூனில் அணிகல வணிகம் நடத்திய இவர், தென்னாப்பிரிக்காவில் காந்தி மேற்கொண்ட பணிகளுக்குப் பெரும்பொருள் உதவினார். 1909ஆம் ஆண்டு காந்தி எழுதிய ‘இந்து சுயராச்சியம்’ என்னும் நூலுக்கு மேத்தாவுடன் நிகழ்த்திய உரையாடல்கள் தூண்டுதலாக அமைந்தன. முதல் சந்திப்பில் தொப்பியால் எழுந்த சினம் நட்புக்குத் தடையாகவில்லை.

மூன்று பவுண்டு

இரண்டு நாள் தங்கலுக்குப் பின், கப்பலில் உடன்வந்த சிந்தி நண்பர் ஒருவர் ஏற்பாடு செய்த அறைக்கு இருவரும் திங்கட்கிழமை மாற முடிவு செய்தனர். விடுதியின் கட்டணச் சீட்டு காந்தியை அதிரச் செய்தது. அவர் செலுத்தவேண்டிய தொகை மூன்று பவுண்டு. அவ்விடுதியில் அவர் வயிறார உண்டதே இல்லை. ஒரு பண்டம் பிடிக்கவில்லை எனில் வேறொன்றைக் கேட்பார். இரண்டுக்கும் விலை கொடுக்கவேண்டியிருந்தது. உண்மையில், பம்பாயிலிருந்து கொண்டுவந்த தின்பண்டங்களே அவர் பசியைத் தீர்த்தன.

மூன்று பவுண்டு என்பது அறுபது சில்லிங். பிற்காலத்தில் இலண்டனில் தாமே சமைத்து எளிமையாக வாழ்ந்தபோது, நாளொன்றுக்கு ஒரு சில்லிங் மூன்று பென்சில் உணவுச் செலவை அவர் முடித்துக்கொண்டார். அக்கணக்கின்படி பார்த்தால், விடுதியில் செலவிட்ட தொகை நாற்பத்தெட்டு நாள் உணவுக்குப் போதுமானது. தமையனார் திரட்டித் தந்த பொருள் இவ்வாறு கரைந்தது அவர் மனத்தை உறுத்தியிருக்கும் என்பதை நாம் உணரலாம்.

கண்ணீரில் கழிந்த இரவுகள்

புதிய அறைக்கு வந்த பின்னும் காந்தியின் மனம் அமைதி பெறவில்லை. மக்கள், வீடுகள், நடைமுறைகள் அனைத்தும் அயலாக இருந்தன. எங்கே எந்த முறை தவறுமோ என்னும் அச்சம் எப்போதும் இருந்தது. உறுதிமொழிக்கு உட்பட்டு உண்ணக்கூடிய உணவோ உப்பும் சுவையுமற்று இருந்தது. வீட்டு நினைவும் தாயின் அன்பும் இரவில் அவரை வாட்டின. கண்ணீர் பெருகி உறக்கத்தைக் கெடுத்தது. தம் துயரைப் பகிர்ந்துகொள்ள ஒருவரும் இல்லை. பகிர்ந்தாலும் தீர்வு இருப்பதாகத் தோன்றவில்லை.

இங்கிலாந்தில் இருக்கவும் இயலவில்லை. இந்தியாவுக்குத் திரும்பவும் இயலாது. வந்துவிட்டோம், மூன்று ஆண்டுகளையும் முடித்தே செல்லவேண்டும் என்று அவர் தமக்குத் தாமே உறுதி கூறிக்கொண்டார். அத்தகைய மனத்துணிவு கண்ணீருக்கு இடையிலேதான் பிறந்தது. துணிவு என்பது அச்சம் இல்லாமை அன்று. அச்சத்தோடு நின்று செய்யவேண்டியதைச் செய்தலே ஆகும்.

போலச் செய்தல்

அயலூரில் இடறி விழுந்தவருக்கு முதலில் தோன்றும் வழி, அவ்வூராரைப் போலவே மாறிவிடுவது. காந்தியும் அவ்வழியில் சிறிது காலம் சென்றார். பெயர்பெற்ற கடைத்தெரு ஒன்றில் பத்துப் பவுண்டு கொடுத்து மாலை உடை தைத்துக்கொண்டார். பத்தொன்பது சில்லிங் விலையில் பட்டுத் தொப்பி வாங்கினார். முதல் நாள் எதிர்த்திசையில் தடவிய அதே வகைத் தொப்பி இப்போது அவர் தலையில் ஏறியது. நடனம், வயலின், பிரெஞ்சு மொழி, பேச்சுக்கலை ஆகியவற்றையும் பயிலத் தொடங்கினார்.

ஏறத்தாழ மூன்று மாதங்களில் அந்த மயக்கம் தெளிந்தது. தாம் வாழ்நாள் முழுவதும் இங்கிலாந்தில் வாழப்போவதில்லை. மாணவராக வந்தவர் மாணவராகவே இருத்தல் வேண்டும் என உணர்ந்தார். வகுப்புகளைக் கைவிட்டார், வயலினை விற்றுவிடச் செய்தார். ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். வண்டிச் செலவைத் தவிர்த்து நாள்தோறும் பல மைல் நடந்தார். ஆயினும், உடையில் தூய்மையும் ஒழுங்கும் பேணும் பழக்கத்தை அவர் கைவிடவில்லை. போலச் செய்தலில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது எனப் பிரித்தறியும் திறன் அவரிடம் வளர்ந்தது.

உணவிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் நடந்து சென்றபோது, மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டார். இங்கிலாந்து வந்த பின் முதன்முறையாக அங்கேதான் வயிறார உண்டார். மரக்கறி உணவை ஆதரித்து என்றி சால்ட் எழுதிய நூல் அங்கு விற்பனைக்கு இருந்தது. அதனை ஒரு சில்லிங் கொடுத்து வாங்கிப் படித்தார். அதுவரை தாய்க்கு அளித்த வாக்குக்காக ஊனை விலக்கியவர், அதன் பின் தம் சொந்தத் தெளிவினால் விலக்கினார். பிறர் சொல்லி ஏற்ற நெறி தாமே தேர்ந்த நெறியாயிற்று. மரக்கறியாளர் சங்கத்தின் செயற்குழுவிலும் இடம்பெற்றார். 1891ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் பாரிஸ்டர் தகுதி பெற்று, இரண்டு நாள்களில் தாயகம் நோக்கிப் புறப்பட்டார்.

உடை ஓர் உரிமை

உடையைப் பற்றிய முதல் நாள் பாடம் அதன் பின்னரும் தொடர்ந்தது. 1893ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நீதிமன்றத்தில், தலைப்பாகையைக் கழற்றுமாறு நீதிபதி கூறினார். காந்தி மறுத்து வெளியேறினார். சவுத்தாம்ப்டனில் பிறர் பார்வைக்கு நாணிய இளைஞர், டர்பனில் பிறர் கட்டளைக்கு இணங்க மறுத்த மனிதராக நின்றார். மறு ஆண்டு, முதலாளியால் தாக்கப்பட்டுப் பற்கள் உடைந்த நிலையில் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி அவரிடம் வந்தார். ஐரோப்பியர் முன் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளர் தலைத்துணியைக் கழற்றிக் கையில் ஏந்துவது வழக்கம். அவ்வழக்கப்படி கையில் துணியுடன் நின்ற பாலசுந்தரத்தை, அதனைத் தலையில் கட்டிக்கொள்ளுமாறு காந்தி வேண்டினார். உடை என்பது தன்மதிப்போடு இணைந்தது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில், உழைக்கும் எளியோரைப் போல அரையாடை மட்டும் அணியும் முடிவைக் காந்தி செயல்படுத்தினார். கதராடை வாங்கப் பொருளில்லாத மக்களின் நிலையே அம்முடிவுக்குக் காரணமாயிற்று. பத்து ஆண்டுகள் கழித்து, 1931ஆம் ஆண்டு செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் சென்றபோதும் அவர் அந்த உடையை மாற்றவில்லை. பெருவிடுதியை நாடாமல், தொழிலாளர் வாழும் கிழக்கு இலண்டனில் கிங்சிலி மன்றத்தில் தங்கினார். மன்னர் ஐந்தாம் சார்சின் அரண்மனை விருந்துக்கும் அதே உடையில்தான் சென்றார்.

1888இல் வெள்ளுடை அணிந்து நாணியதும் இலண்டன் பயணத்தில்தான்; 1931இல் அரையாடை அணிந்து தலைநிமிர்ந்து நடந்ததும் அதே இலண்டனில்தான். இரண்டு முறையும் கூட்டத்தில் வேறுபட்டுத் தெரிந்தவர் அவர் ஒருவரே. முதன்முறை வேறுபாடு அறியாமையால் நேர்ந்தது. பிறகு அது தெளிவினால் தேர்ந்துகொள்ளப்பட்டது.

மாணவர்க்குரிய செய்தி

மேற்படிப்புக்காகச் சென்னைக்கோ தில்லிக்கோ அயல்நாட்டுக்கோ நாளை நீங்கள் செல்லக்கூடும். புறப்படுமுன் அவ்வூரின் தட்பவெப்பத்தையும் நடைமுறைகளையும் கேட்டறிதல் நன்று. இன்றியமையாத பொருள்களையும் ஒரு மாற்றுடையையும் கைப்பையில் வைத்திருத்தல் நன்று. விலையைக் கேட்ட பின் வாங்குதலும், அறியாததை வெட்கமின்றி வினவுதலும் நன்று. இவ்வளவு செய்தபின்னும் ஏதேனும் ஓர் இடறல் நேரத்தான் செய்யும். அது அறிவுக்குறையின் அடையாளம் அன்று. எழுதப்படாத விதிகளை எவரும் முன்கூட்டியே படித்துவிட முடியாது.

உங்கள் ஊருக்கும் பள்ளிக்கும் புதிதாக வருவோர் இருப்பர். அவர்கள் ஏதேனும் ஒரு தொப்பியை எதிர்த்திசையில் தடவிவிடலாம். அப்போது நகைத்து விலகுவதும் நம் கையில் உள்ளது. மேத்தாவைப்போல் அருகில் அமர்ந்து வழக்கத்தை எடுத்துச் சொல்வதும் நம் கையில் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. புதிய ஊரிலோ புதிய பள்ளியிலோ உங்களுக்கு ஏற்பட்ட முதல் நாள் பட்டறிவை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உங்கள் ஊருக்குப் புதிதாக வரும் மாணவருக்கு உதவும் வகையில், அறிந்துகொள்ள வேண்டிய பத்து நடைமுறைகளைத் தொகுத்துக் கையேடு ஒன்றை உருவாக்குக.

3. ‘பிறர் பொருட்டு மாறுதல், தம் தெளிவினால் மாறுதல்’ ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடப்பகுதி நிகழ்வுகள் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.

4. வெள்ளுடை நிகழ்வையும் மதுரையில் எடுத்த முடிவையும் ஒப்பிட்டு, உடை பற்றிய காந்தியின் பார்வை வளர்ந்த விதத்தை விளக்குக.